பதினாலாம் நம்பர் ரத்தம்

எங்கள் லேபில் அந்தப் புதிய பரிசோதனையைத் தொடங்கிய முதல் வாரம், மந்தைவெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு தீப்பெட்டி. அதை என் மேஜைமேல் பக்குவமாக வைத்துவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட்டுக்குக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். எந்த டெஸ்ட் என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதாம்மா, அந்த அப்போ பீ."

அவர்மேல் தப்பே இல்லை. அந்த நாளில் மலப் பரிசோதனைக்குத் தீப்பெட்டியில்தான் கொண்டுவருவார்கள். 'அப்போலிப்போபுரதம் பி' என்று முழுப் பெயரைச் சொன்னால் வாய் வலிக்கும் என்பதால் எங்கள் டாக்டர் அதைச் சுருக்கிவிட்டார். சுருக்கும்போது தமிழர்களின் காதில் அது என்னவாக விழும் என்று யோசிக்கவில்லை. அவர் இங்கிலாந்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். நான் பெரியவருக்கு விளக்கம் சொல்லி, கையிலிருந்து ரத்தம் எடுத்து அனுப்பினேன். தீப்பெட்டியை என்ன செய்வது என்று கடைசிவரை இருவருமே பேசவில்லை.

இன்று லேபில் வேலை பார்க்கிற நீங்கள் ரத்த டியூபை மெஷினில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகிறீர்கள். திரும்பி வருவதற்குள் அப்போ பி எவ்வளவு என்று திரையில் வந்துவிடுகிறது. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'இயல்பு அளவு' என்று இன்னொன்றும் அச்சாகி வருகிறதே, அதை யாருடைய ரத்தத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? போன முறை உங்கள் லேபுக்கு வந்தபோது நான் கேட்டேன். ஒரு பெண் சளைக்காமல், "அது கம்பெனியே கொடுத்துடும் மேடம்," என்றாள். இயல்பைக் கம்பெனி கொடுக்கிற காலம். எங்கள் காலத்தில் அதை டாக்டரின் நண்பர்கள் கொடுத்தார்கள்.

எழுபதுகளின் பிற்பாதி அது. மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் எங்கள் லேப். நான் ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு அங்கே சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. என்னைத் தவிர அட்டெண்டர் துலுக்காணம். ஐம்பது வயது, அந்த மாடிக்கு என்னைவிடச் சீனியர். டாக்டர் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது ஒரு கம்பளிக் கோட்டும், சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொள்ளும் துணிச்சலும், ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில் ஒரு சின்ன பாட்டிலும் கொண்டுவந்தார். கோட்டை நாலு நாளில் மறந்துவிட்டார். பாட்டிலை மறக்கவில்லை.

அந்த பாட்டிலில் இருந்தது முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு மருந்து. அப்போ பி என்ற புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். கொழுப்பு ரத்தத்தில் தனியாக நீந்தாது. புரதம் சுற்றிய குட்டி உருண்டைகளில் ஏறித்தான் போகும். கொலஸ்ட்ரால் பரிசோதனை மொத்தச் சரக்கை எடை போடுகிறது. அப்போ பி பரிசோதனை, ரத்தக்குழாயைக் கெடுக்கிற உருண்டைகள் எத்தனை என்று தலை எண்ணுகிறது. சரக்கு கொஞ்சமாகவும் உருண்டைகள் ஏராளமாகவும் உள்ள மனிதர்கள் உண்டு. கொலஸ்ட்ரால் அவர்களை முதுகில் தட்டி வீட்டுக்கு அனுப்பிவிடும்.

மருந்தைக் கடற்பாசிக் கூழில் கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்ற வேண்டும். உறைந்ததும் சின்னக் குழிகள் வெட்டி, குழிக்கு ஒருவருடைய ரத்தநீரை விட்டு, ஈரப் பெட்டியில் மூன்று நாள் மூடி வைத்தால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு வெள்ளை வளையம் தெரியும். வளையம் பெரிதென்றால் புரதம் அதிகம். அவ்வளவுதான் வேலை. மீதியெல்லாம் பொறுமை.

ஆனால் எவ்வளவு பெரிதென்றால் பெரிது? அதற்கு ஆரோக்கியமான மனிதர்களின் வளையம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். டாக்டர் இருபது ஆரோக்கியமான மனிதர்களைப் பிடித்தார். எங்கே பிடித்தார்? தினமும் காலையில் அவரோடு பீச்சில் நடக்கிற கோஷ்டியில். இவர்கள் லைட்ஹவுஸ் பக்கம் அரை மைல் நடப்பார்கள். நடந்த களைப்புத் தீர ஓட்டலில் உட்கார்ந்து நெய் ரோஸ்ட்டும் காபியும் சாப்பிடுவார்கள். எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது, எல்லோரும் டாக்டரின் ஜோக்குக்குச் சிரிப்பவர்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர் இல்லை, மருந்துக்கு ஒரு பெண் இல்லை. ஆரோக்கியத்துக்கு டாக்டர் வைத்திருந்த இலக்கணம் இரண்டே விதி: என் நண்பனாக இருக்க வேண்டும், இன்னும் சாகாமல் இருக்க வேண்டும்.

இருபது பேரின் வளையத்தையும் நான்தான் அளந்தேன். பத்தொன்பது பேருக்கு ஐந்து மில்லிமீட்டரிலிருந்து ஆறரைக்குள் வந்தது. பதினாலாம் நம்பருக்கு மட்டும் ஒன்பது. என் கைதான் தப்பு என்று நினைத்து மறுபடி செய்தேன். ஒன்பது. புதுத் தட்டு ஊற்றி மூன்றாம் முறை செய்தேன். ஒன்பது.

பதினாலாம் நம்பர், சேஷாத்ரி. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய அதிகாரி. பாலிசி கேட்டு வருகிறவர்களின் மருத்துவ அறிக்கையைப் படித்து, யார் சீக்கிரம் போவார், யார் நிதானமாகப் போவார் என்று தீர்ப்புச் சொல்வது அவர் உத்தியோகம். ஒல்லியான உடம்பு, வெற்றிலை பாக்குகூடப் போடாத வாய். அவருடைய கொலஸ்ட்ரால் கச்சிதமாக இருந்தது. அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் மயிலாப்பூர் முழுக்கக் காட்டினார் என்று துலுக்காணம் சொல்வான்.

டாக்டரிடம் மூன்று ஒன்பதையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வரைபடத் தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பத்தொன்பது புள்ளிகள் ஒரு கூட்டமாக அழகாக நின்றன. இருபதாவது, பந்தியில் இடம் கிடைக்காத ஆள் மாதிரி தனியாக மூலையில் நின்றது.

சேஷாத்ரி ஆரோக்கியமானவர், ஆகவே அவருக்கு ஒன்பது வராது, வந்திருப்பதால் அது தப்பு என்றார் டாக்டர். ஒருவர் ஆரோக்கியமானவரா என்று கண்டுபிடிக்கத்தானே சார் இந்த டெஸ்ட் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி என் தொண்டை வரைக்கும் வந்தது. வாயிலிருந்து வந்தது, "சரி சார்."

நோட்டில் அந்த எண்ணின் மேல் ஒரு கோடு போட்டேன். இயல்பு அளவு ஆறரை என்று ஆயிற்று. சேஷாத்ரிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து அதே சேஷாத்ரி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மேலே வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். அதை நான் பார்த்தேன். பார்த்ததை அப்போது எதனோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. கூட ஓர் இளைஞன், ரகு. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். சேஷாத்ரியின் ஒரே பெண் மைதிலிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு எடுக்கப்போகும் பாலிசிக்காக ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை என்று அவனிடம் சொல்லியிருந்தார். உள்ளே போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன். பையனின் அப்பா நாற்பத்து நாலு வயதில், ஆபீஸுக்குக் கிளம்பும்போது கூடத்திலேயே மாரடைப்பில் விழுந்து போனவர். ஜாதகம் பத்துக்கு ஒன்பது பொருந்தியிருக்கிறது. ரத்தமும் பொருந்திவிட்டால் முகூர்த்தம் குறித்துவிடலாம்.

டாக்டர் பெருமையில் நாற்காலியிலேயே ஒரு அங்குலம் உயர்ந்தார். என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் போய் ரகுவின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். ஊசி குத்தும்போது அவன், எந்தப் பாலிசிக்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதற்குத்தான் முதல் இடம்.

அவர்கள் இறங்கிப் போனதும் துலுக்காணம் வந்து நின்றான். "மாப்ள பாக்கறதுன்னா மூஞ்சியப் பாப்பாங்க, சம்பளத்தப் பாப்பாங்க. இந்தாளு இன்னாம்மா ரத்தத்தப் பாத்துக்கினு கீறாரு?"

மூன்று நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். ரகுவின் வளையம் ஏழு. ஆறரையைத் தாண்டி அரை மில்லிமீட்டர். ஒரு நண்பரை வரைபடத்திலிருந்து நீக்கியிருக்காவிட்டால் அவன் இயல்பான மனிதன். நீக்கியதால் இதய நோய்க்காரன். டாக்டர் 'உயர்ந்த அளவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து ஒட்டி, சேஷாத்ரி வந்தால் கொடுக்கச் சொல்லிவிட்டு டெல்லிக்குப் போனார். அங்கே ஒரு மாநாடு. பத்தொன்பது புள்ளிகள் நிற்கும் அந்த வரைபடத்தை வாசிக்கப் போனார்.

மறுநாள் பதினோரு மணிக்கு சேஷாத்ரி வந்தார். கவரை வாங்கி, அங்கேயே பிரித்துப் படித்தார். அவருக்கு அறிக்கை படிப்பது தினசரி வேலை. இரண்டு வினாடிதான் ஆயிற்று. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போன் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். பையனின் அம்மாவுக்குச் சொல்லிவிடப் போகிறாராம்.

"ஜாதகத்துல ஏதோ தோஷம் இருக்குன்னு ஜோசியர் சொல்றார்னுடலாம். அவா மனசு நோகாது."

போன் என் மேஜையில்தான் இருந்தது. அவர் ரிசீவரை எடுத்தார். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணோ பையனோ என் நினைவுக்கு வரவில்லை. என் சம்பளம்தான் நினைவுக்கு வந்தது. டாக்டர் திரும்பி வந்து என்ன சொல்வார் என்று நினைத்தேன். பேசாமல் இருந்தால் எல்லாம் சுமுகமாகப் போய்விடும், எட்டு மாதம் போகவில்லையா என்று நினைத்தேன். அதற்குள் அவர் முதல் எண்ணைச் சுழற்றிவிட்டார். பிறகு, எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்த கையை எடுத்து, மார்பின் நடுவே வைத்துச் சற்றுத் தேய்த்துக்கொண்டார். ஏதோ அரிப்பு மாதிரி. அவர் மாடிப்படி ஏறி வந்து கைப்பிடியைப் பிடித்து நின்றது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சார், போனை வைங்க," என்றேன். "உங்க ரத்தமும் எங்ககிட்ட இருக்கு."

"என்னோடதா? அது நார்மல்னுதானே சொன்னார்."

"கொலஸ்ட்ரால் நார்மல். இந்த வளையம் நார்மல் இல்லை. இந்தப் பையனோடதைவிடப் பெரிசு. ரொம்பப் பெரிசு."

அவர் ரிசீவரை வைத்தார். உட்காரவில்லை. இப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி, டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரியுமா, இதையெல்லாம் எழுத்தில் தர முடியுமா என்று வரிசையாகக் கேட்டார். குரல் உயரவில்லை. பாலிசி மறுக்கும்போது பேசுகிற குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் நோட்டை எடுத்து அவர் முன்னால் திருப்பி வைத்தேன்.

அந்த விஷயத்தில் நான் சரியாகச் செய்தது ஒன்றே ஒன்று. எண்ணை அழிக்கவில்லை, கோடு மட்டும் போட்டிருந்தேன். கீழே இருப்பதைப் படிக்க முடியும்படி ஒற்றைக் கோடு. நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் விடாது என்றால், கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தார். இந்த முறை இரண்டு வினாடியில் முடியவில்லை.

"மூணு தடவை பாத்திருக்கேளே."

"ஆமா சார்."

"மூணு தடவையும் தப்பா வருமா?"

"வராது சார்."

இப்போது உட்கார்ந்தார். நடக்கும்போது நெஞ்சில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். துலுக்காணம் கையில் தண்ணீர் டம்ளரோடு கதவருகே நின்றுவிட்டான்.

"முன்னெல்லாம் லைட்ஹவுஸைத் தாண்டிப் போவேன்," என்றார் சேஷாத்ரி. "இப்போ பாதியிலேயே திரும்பிடறேன். வாயுன்னு இஞ்சி லேகியம் சாப்ட்டுண்டிருக்கேன். ஆத்துல யாருக்கும் தெரியாது."

ஊரில் உள்ளவர்களின் நெஞ்சுவலியை எல்லாம் ஒரு வரியில் எடைபோட்ட மனிதர், தன் நெஞ்சுவலிக்கு லேகியம் வாங்கியிருக்கிறார். சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடையாறில் எனக்குத் தெரிந்த ஓர் இதய டாக்டர் இருந்தார். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். உடனே அனுப்பச் சொன்னார். துலுக்காணம் கீழே போய் டாக்ஸி பிடித்து வந்து, படியில் ஒவ்வொன்றாக அவரைக் கைத்தாங்கலாக இறக்கினான். பாதிப் படியில் சேஷாத்ரி நின்றார். பையிலிருந்த கவரை எடுத்து மேலே என்னைப் பார்த்து நீட்டினார்.

"இதை அந்தப் பையன்கிட்டயே குடுத்துடுங்கோ. அது அவனோட ரத்தம்."

அன்று மாலையே அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர் என்னைப் போனில் கூப்பிட்டார். இன்னும் ஒரு வாரம் அவர் பீச்சில் நடந்திருந்தால் அதற்கடுத்த வாரம் நடந்திருக்க மாட்டார் என்றார்.

மறுநாள் ரகுவை வரச் சொன்னேன். தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருந்தான். விரல் நகத்தில் கிரீஸ் இருந்தது. கவரைக் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது, எதற்காக எடுத்தது என்று மறைக்காமல் சொன்னேன். ஆறரை எப்படி ஆறரையானது என்பதையும் சொன்னேன். இன்னொருவருடைய ரத்தத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவன் தாளை எடுத்துப் படித்தான்.

"நீங்கதானே ஊசி போட்டேள்?"

"ஆமா."

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா, இது பாலிசிக்கு இல்லேன்னு?"

"தெரியும்."

அவன் தலையை ஆட்டினான். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அப்பா போனபோது தனக்குப் பதினொரு வயது, அவருக்கு ஏன் அப்படி ஆனது என்று இதுவரை யாரும் தனக்குச் சொன்னதில்லை, இந்தத் தாளாவது சொல்கிறது, அதற்கு நன்றி என்றான். பிறகு, தன்னை ஏமாற்றி ரத்தம் எடுத்த வீட்டில் தனக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். ஆக, மாமனார் வேண்டாம் என்று சொல்ல வந்த கல்யாணத்தை மாப்பிள்ளை வேண்டாம் என்றான். இதற்கிடையில் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டிய பெண்ணை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளாகவே வந்தாள். மைதிலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். பகல் ஷிஃப்ட் முடித்துவிட்டு, கையில் டிபன் பாக்ஸோடு ஏறி வந்தாள். ஆஸ்பத்திரியில் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றாள். அவருடையது எவ்வளவு என்று கேட்கவில்லை, அவரே சொல்லியிருந்தார். கேட்டது வேறு.

"அப்பாவோடது எனக்கும் வருமா?"

"வரலாம். குடும்பத்துல வர்ற விஷயம்தான்."

"அப்போ எனக்கும் எடுங்கோ."

பாட்டிலில் மருந்து இன்னும் ஒரு தட்டுக்குத்தான் இருந்தது. அதை ஒரு மாஜி மந்திரிக்காக டாக்டர் ஒதுக்கி வைத்திருந்தார். பெரிய மனிதரின் ரத்தத்தைப் பார்த்தால் டாக்டருக்குப் புகழும் கொஞ்சம் கிடைக்குமே. நான் தட்டை ஊற்றினேன். மந்திரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். மந்திரிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

மூன்று நாளுக்குப் பின் வந்தாள். அவளுடைய வளையம் ஏழரை. அதைச் சொன்னபோது முகம் மாறவில்லை. டிபன் பாக்ஸின் கிளிப்பை மட்டும் திறந்து திறந்து மூடினாள். இருபத்து நாலு வயதில் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்கிறோமே என்று நான் வேகவேகமாக, இது நோய் இல்லை, எச்சரிக்கை மட்டும்தான், இன்னும் இருபது வருஷம் ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்றெல்லாம் பேசினேன். அவள் என்னைப் பேசவிட்டு, முடிந்ததும் கேட்டாள்.

"அவரோடது எவ்வளவு?"

எண் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருக்கும். ஆனால் அவன் ரத்தத்தை அவன் அறியாமல் ஒரு தடவை கைமாற்றியது போதும்.

"அதை நீ அவர்கிட்டதாம்மா கேக்கணும்."

"சரி, கேக்கறேன்," என்றாள். தன் தாளை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த துலுக்காணம், வீட்டுப் பக்கம் திரும்பாமல் கிண்டி பஸ் நிற்கும் ஸ்டாப்புக்குப் போகிறாள் என்று எனக்கு வந்து சொன்னான். தொழிற்சாலை கேட்டில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண் தன் ரத்தத்தின் குறையைத் தானே கையில் எடுத்துக்கொண்டு போய் ஒரு ஆணிடம், 'என்னுடையது இது, உன்னுடையது என்ன' என்று கேட்டாள் என்பது மட்டும் தெரியும். அந்தக் காலத்து மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் நடந்த பெண் பார்க்கும் படலங்களில் அதைவிட நாகரிகமான ஒன்று நடந்திருக்காது.

டாக்டர் டெல்லியிலிருந்து ஒரு சால்வையோடு திரும்பினார். நடந்ததைச் சொன்னேன். சேஷாத்ரி பிழைத்ததில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம், நண்பர் அல்லவா. பதினாலாம் நம்பரைத் திரும்ப வரைபடத்தில் சேர்த்து, இயல்பு அளவை மறுபடி யோசிக்கலாமா, அதற்கு வேறு மனிதர்களைத் தேடலாமா என்று கேட்டபோது அந்தச் சந்தோஷம் நின்றுவிட்டது. மாநாட்டில் வாசித்தாகிவிட்டது, அச்சுக்குப் போய்விட்டது என்றார். மேலும் சேஷாத்ரி இப்போது நோயாளி, ஆரோக்கியமானவர்களின் பட்டியலில் நோயாளியை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார். இதற்குமேல் அறிவியலோடு எப்படி வாதாடுவது? அதற்கடுத்த ஒரு வருஷம் எனக்குக் கொடுத்த வேலை மூத்திரப் பரிசோதனை மட்டும். அதுவும் நல்லதுக்குத்தான். மூத்திரத்தில் சர்க்கரை இருக்கிறது என்றால் யாரும் அதை நண்பர் என்று நீக்குவதில்லை. ஒரு வருஷம் கழித்து அரசாங்க ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. போய்விட்டேன்.

மைதிலிக்கும் ரகுவுக்கும் கல்யாணம் அதற்கு முன்பே நடந்தது. தி.நகரில் ஒரு சத்திரத்தில். மைதிலி நேரில் வந்து பத்திரிகை வைத்தாள். துலுக்காணத்துக்குத் தனிப் பத்திரிகை. அவன் அதைப் பல வருஷம் தன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தான். டாக்டருக்கும் அழைப்பு. அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, இந்தக் கல்யாணத்தை விஞ்ஞானமே நடத்தி வைத்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. சேஷாத்ரி வந்து அதில் உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா பந்தியில் உட்காருவது வழக்கமில்லை. ஆனால் அதிக நேரம் நிற்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. பாதி உடம்பாகியிருந்தார். நெய் ஊற்ற வந்தவரைக் கையால் மறித்தார். ஜாங்கிரி வைத்தவர் அவரைத் தாண்டிப் போனார். வெறும் சாதத்தைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"உங்க மேல எனக்கு இன்னும் கோபம் தீரலை."

அட்டெண்டர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன் என்ற கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். அன்று அப்படிச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும் என்றேன்.

"சொன்னதுக்கு இல்லை," என்றார். "எட்டு மாசம் சொல்லாம இருந்தேளே, அதுக்கு."

ரசம் வந்தது. இருவரும் சாப்பிட்டோம்.